மரத்தின் பிறப்பும் கையின் வேலையும்: கிதாரின் நாதம் குறித்து ஓசூரிலிருந்து சில குறிப்புகள்

1

நல்ல கிதார் என்று எதைச் சொல்கிறோம்? அதன் நாதம் எங்கிருந்து வருகிறது? கிதார் பிரியர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் பேச்சு மரத்துக்கு வந்து சேரும். பிரேசில் ஈட்டி என்றால் மணியோசை, இந்திய ஈட்டி என்றால் அடியில் கார்வை, மகாகனி என்றால் கொஞ்சம் உலர்ந்த குரல், மேப்பிள் என்றால் பளிச்சென்ற குரல். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம், ஒரு குலம், ஒரு விலை. பழைய மரம் என்றால் இன்னும் உசத்தி. விலைப்பட்டியல்களில் இதற்கென்றே 'டோன்வுட்' என்று ஒரு சொல் உண்டு. நாத மரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முப்பது வருசத்துக்கும் மேலாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்க இது நமக்கு நன்றாகப் பழகிய வேறொரு பேச்சைப் போலவே இருக்கிறது. குணம் பிறப்பில் வருகிறது, உழைப்பு அதில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, உயர்ந்ததைப் பார்த்த மாத்திரத்தில் உயர்ந்தவர்கள் கண்டுகொள்வார்கள். வர்ணத்தின் இலக்கணம் இதுதானே? கிதாரைப் பற்றிப் பேசுகிறவர் தான் சாதியின் மொழியில் பேசுகிறோம் என்று நினைப்பதில்லை. நினைக்காமல் பேச முடிவதுதான் அந்த மொழியின் பலம்.

மரத்தின் பிறப்பைப் பற்றிய சொல்லாடல் பெருகும் இடத்தில் கையின் வேலை காணாமல் போகிறது. இந்த ஒன்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். அதற்கு முதலில் கிதாரின் வரலாற்றுக்குள் போக வேண்டும். பிறகு ஓசூருக்கு வரலாம்.

2

இன்று உலகெங்கும் கிதாரின் 'மரபு' என்று காட்டப்படும் பெயர்களில் முதன்மையானது மார்ட்டின். இந்தக் கம்பெனியின் பூர்வ கதை நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் மார்ட்டின் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹன் ஊரைச் சேர்ந்தவர். அவர் குடும்பம் மேசை, அலமாரி செய்யும் தச்சர் சங்கத்தில் இருந்தது. அந்த ஊரில் வயலின் செய்கிறவர்களுக்குத் தனிச் சங்கம். கிதார் செய்யும் உரிமை எங்களுக்கு மட்டுமே, தச்சர்கள் அதைத் தொடக்கூடாது என்று வயலின்காரர்கள் 1820களில் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். நாங்கள் கலைஞர்கள், அவர்கள் வெறும் கைவினைக்காரர்கள் என்பதே வாதத்தின் சாரம். 1832இல் தச்சர்கள் தங்கள் உரிமையை நிலைநாட்டினார்கள். ஆனாலும் மார்ட்டினுக்கு ஊர் அலுத்துவிட்டது. 1833இல் கப்பலேறி நியூயார்க்கில் கடை போட்டார். சில வருடங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார்.

ஆக, இன்று புனிதமாகிவிட்ட இந்தக் கிதார் 'நீ தச்சன், உனக்கு நாதம் தெரியாது' என்று சொல்லப்பட்டவரின் பட்டறையிலிருந்து வந்தது. விலைப்பட்டியல் மரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். இந்தச் சண்டை அதற்கு ஒரு சுவாரசியமான அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

மரத்தின் கதைக்கு வருவோம். மார்ட்டின் கம்பெனியின் டி-28 என்ற பெரிய உடம்புக் கிதார் 1931இல் வந்தது. அந்த 'டி' ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர்: ட்ரெட்நாட். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் ஈட்டி. 1960களில் பிரேசில் அரசு மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்று இறுக்கியது. அறுப்பது இங்கே நடக்கட்டும் என்பது அதன் நியாயம். கம்பெனிக்கு அது ஒத்துவரவில்லை. 1969இல் டி-28 இந்திய ஈட்டிக்கு மாறியது. 1992இல் பிரேசில் ஈட்டி அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. வணிகம் கிட்டத்தட்ட நின்றது.

இந்திய ஈட்டி வந்தபோது 'மாற்று' மரமாக, இரண்டாந்தரமாகத்தான் வந்தது. ஐம்பது வருசத்தில் அதுவே மரபாகிவிட்டது. இப்போது அதற்கும் ஒரு குலப்பெருமை, ஒரு குரல் வர்ணனை. மரத்தின் அணுவில் எதுவும் மாறவில்லை. மாறியது சந்தை. மரத்தின் 'பிறவிக்குணம்' என்று சொல்லப்படுவது சட்டத்தோடும் கப்பல் கூலியோடும் சேர்ந்து நகர்கிறது என்றால் அது பிறவிக்குணமா? மார்க்ஸ் 'சரக்கின் மாய்மாலம்' என்றார். மனிதர்களுக்கிடையிலான உறவு, பொருளின் இயற்கைப் பண்பு போல வேஷம் கட்டி நிற்பது. கிதார்க் கடையில் அந்த வேஷத்தை மெருகு கலையாமல் பார்க்கலாம்.

3

இந்த ஈட்டி நம் பக்கத்து மரம். தமிழில் தோதகத்தி என்றும் பெயர். எல்லை தாண்டினால் கன்னடத்தில் 'பீட்டெ', மலையாளத்தில் 'வீட்டி'. ஒரே சொல் மூன்று வாயில் உருண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரமாகவும் நின்றது. கிதாருக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி அங்கிருந்தே போனது.

தென்னிந்தியக் காட்டில் ஒரு மரம் 'உயர்ந்தது' என்று அறிவிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1882இன் சென்னை வனச்சட்டம் காட்டை ஒதுக்குக்காடாக்கியது. ஆடு மேய்த்தவரும் சுள்ளி பொறுக்கியவரும் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். சந்தனம் ராஜமரம் ஆனதன் விளைவை 1980களிலிருந்து 2004 அக்டோபர் வரை இந்த மலைகள் அனுபவித்தன. வீரப்பன் செத்தார். அவரைத் தேடுகிறோம் என்று கிராமங்களுக்குள் புகுந்தவர்கள் செய்தவை பற்றிய வழக்குகள் அதன்பிறகும் நடந்தன. ஈட்டிக்குத் தமிழகத்தில் 1994இல் தனிச்சட்டமே வந்தது. தன் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது அது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. மரத்தின் 'உயர்வு' என்பது அதன் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு ஒரு தடையாகவும், ஆயிரம் காதத்துக்கு அப்பால் இருக்கிறவனுக்கு ஒரு ரசனையாகவும் பிரிந்து போகிறது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. அப்போது உலகத்தின் இசைக்கலைஞர்கள் கொதித்தார்கள். கிதாரோடு எல்லை தாண்ட அனுமதிச் சீட்டா? 2019 இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இங்கே ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் ஒரு வண்டிக் கட்டைக்குச் சீட்டுக் கேட்கப்படுவது யாருக்கும் செய்தியாக இருந்ததில்லை.

4

சரி, கெடக்கட்டும். மரம் நிஜமாகவே சத்தத்தை மாற்றுகிறதா இல்லையா? நியாயமான கேள்வி.

கிதார் வேலை செய்யும் விதம் எளிமையானது. கம்பி மெல்லியது. தனியாக அதனால் காற்றைப் போதுமான அளவு அசைக்க முடியாது. அதன் அதிர்வு பிரிட்ஜ் என்கிற தாங்கி வழியாக மேல்பலகைக்குப் போகிறது. மேல்பலகை அசைந்து காற்றை அசைக்கிறது. ஆகவே மேல்பலகை லேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் மரம் இதற்குத் தோதானது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஒட்டுவார்கள். எந்தச் சட்டத்தை எங்கே, எவ்வளவு செதுக்குவது என்பதில்தான் செய்கிறவரின் ஞானம் முழுக்க இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் தனியாக ஒரு சுருதி உண்டு. பின்பலகையின் பங்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான். ஆனால் கண்ணுக்கு அழகாகத் தெரிவதும், காசு கூடுவதும் பின்பலகையில்தான்.

இதை நிரூபிக்க ஸ்பெயினில் ஒரு தச்சர் வேடிக்கை செய்தார். இன்றைய செவ்வியல் கிதாரின் வடிவத்தை உருவாக்கிய அந்தோனியோ தெ தோரஸ், 1862இல் ஒரு கிதாருக்கு மேல்பலகை மட்டும் மரத்தில் வைத்து, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டைக்கூழில் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் பாப் டெய்லர் சரக்கு ஏற்றும் பேலட் கட்டையைப் பிரித்து ஒரு கிதார் செய்து, வியாபாரக் கண்காட்சியில் வைத்தார். ஆணி அடித்த ஓட்டைகள்கூட மறைக்கப்படவில்லை. வந்தவர்கள் வாசித்துப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கிதார் செய்பவரான ரோஜர் பக்னலும் சேர்ந்து இதை முறையாகச் சோதித்தார்கள். ஆறு கிதார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே கை. பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிதார் கலைஞர்கள், மங்கிய வெளிச்சம், கண்ணில் வெல்டர் போடும் கறுப்புக் கண்ணாடி. மரம் எது என்று பார்க்க முடியாதபோது ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் விழுந்தது. விலை உயர்ந்த மரம் தனித்துத் தெரியவில்லை.

வெல்டிங் கண்ணாடி போட்டதும் குலம் காணாமல் போய்விட்டது! ஓசூர்க்காரனுக்கு இதைவிடப் பிடித்த பரிசோதனை இருக்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு மரமே முக்கியமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. மேல்பலகையின் தரம், காய்ந்த பக்குவம், தடிமன் எல்லாம் காதுக்குத் தெரியும். கேள்வி வேறு. எந்த வேறுபாடு உழைப்பால் வருகிறது, எந்த வேறுபாடு பெயரால் வருகிறது? இரண்டையும் குழப்புகிறவர்கள் லாபம் பார்க்கிறார்கள்.

5

ஓசூரில் சிப்காட் வளாகம் 1970களில் வந்தது. 1980களில் லாரிகள், மொபெட்டுகள், கைக்கடிகாரங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக இங்கிருந்து வெளியேறின. ஓசூரில் செய்த கடிகாரத்தின் விளம்பரத்துக்கு மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி. நாடு முழுக்க டி.வி.யில் கேட்ட 'ஓசூர்ச் சத்தம்' அதுதான். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பியவர்கள் கேட்டது வேறு. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபிறகு, சந்திரசேகர் வாசித்த அந்தக் கிதாரைக் கேட்டுவிட்டு, தானும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நினைக்காத வாலிபன் குறைவு. இளையராஜாவே ஒருகாலத்தில் சலில் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தவர். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகக் கன்னடப் படங்களில் வேலை செய்தவர். எல்லை ஊரில் இது கூடுதல் பெருமை. அந்தப் பாட்டில் ஒலித்த கிதார் என்ன மரம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

1980களின் கடைசியில் நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அறைகளில் இருந்தவை கல்கத்தாவில் செய்து பெங்களூர்க் கடையில் வாங்கிய பிளைவுட் கிதார்கள். கம்பி கழுத்திலிருந்து எகிறி நிற்கும். அழுத்தினால் விரல் கிழியும். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது அது இழுபடும், சுருதி ஏறிவிடும். ஒரு ஸ்வரத்தில் சரியாக இருந்தது அடுத்ததில் பிசகும். போதாததற்கு ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் குளிரும். கிருஷ்ணகிரி இறங்கினால் வேறு உலகம். குளிரில் சுருதி சேர்த்துவிட்டு பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி வெயிலில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

எங்கள் டூல்ரூமில் ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட இளையவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், சங்கக் கூட்டத்தில் தமிழ். கோயில் பாட்டுக்குழுவில் கிதார் வாசிப்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம் கத்தோலிக்கப் பூசை நம் மொழிக்கு வந்தது, ஆர்மோனியத்தோடு கிதாரும் உள்ளே வந்தது. அந்த வழியாகக் கிதார் பிடித்த கிராமத்துப் பிள்ளைகள் இந்தப் பகுதியில் நிறைய. 'பிளைவுட்டில் என்னப்பா நாதம் வரும்' என்று நான் சொல்லப் போக, அவர் சொன்னார்: "மரத்த விடுண்ணா. கம்பி எங்க ஒக்காருது, எங்க தட்டுதுன்னு பாரு. மீதியெல்லாம் கத."

அவர் செய்தது இதுதான். ஓர் இரும்புப் பட்டைச் சட்டத்தின் விளிம்பில் பிரஷ்யன் ப்ளூ தடவி, கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் மேல் மெல்ல ஓட்டுவார். எந்தக் கட்டை உயரமோ அதில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை எண்ணெய்க் கல்லில் தேய்ப்பார். மறுபடி ஓட்டுவார். எல்லாக் கட்டையிலும் ஒரே சீராக நீலம் விழும்வரை. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டை, எறிந்துவிட்ட ஹைலம் ஷீட்டில் புதிதாக வெட்டினார். ஊசி அரத்தால் ஆறு பள்ளம். கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்ப்பார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடவா குறையவா என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பிளைவுட் பெட்டி பாட ஆரம்பித்தது. அறைக்கு அறை ஆள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அது ஈட்டி மரக் கிதாராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குள் இருந்து, யாரும் வெளியே எடுக்காமல் விட்ட சத்தத்தை ஒரு கை வெளியே எடுத்தது. டை செய்யக் கற்றுக்கொண்ட விரலுக்கு நாதம் தெரிந்திருந்தது. மார்க்நொய்கிர்ஹனின் வயலின்காரர்கள் எதை மறுத்தார்களோ அது சிப்காட்டின் டூல்ரூமில் நடந்தது.

பாப் டெய்லரின் பேலட் கிதாரை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்காட் கம்பெனிகளுக்கு வெளியே இறக்குமதி இயந்திரம் வந்த பைன் பெட்டிகள் மலைபோலக் கிடக்கும். பழைய மரக்காரர்கள் எடுத்துக் கட்டில், பெஞ்சு செய்வார்கள். கிருஷ்ணகிரியின் கிழட்டு மாமரங்கள் அறுபட்டுப் பெட்டிப் பலகையாகப் போகும். அதே மாமரத்தை ஹவாய்த் தீவில் உகுலேலே செய்ய எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல விலைக்கு விற்கிறார்கள். மரம் ஒன்றே. இடம் மாறினால் சாதி மாறுகிறது.

6

இனி இந்தக் கதையின் சட்ட முனை. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் கிதார் கம்பெனியின் ஆலைகளில் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றினார்கள். பிற நாட்டின் சட்டத்தை மீறி வந்த மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது அங்கே குற்றம். இந்தியா மரத்தைக் கட்டையாகவோ அறுத்த பலகையாகவோ ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருக்கிறது. செய்து முடித்த பொருளாகப் போகலாம். கிதார்க் கழுத்துக்கு வெட்டிய பட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் அது 'அறுத்த பலகை'யா, 'இசைக்கருவியின் பாகமா'? இதுதான் வழக்கின் மையம். 2012இல் சமரசம். கிப்சன் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டியது, அது மடகாஸ்கர் கருங்காலி சம்பந்தமானது. இந்தியப் பட்டைகள் விஷயத்தில் இந்திய விதியிலேயே தெளிவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே இதைச் 'சுதந்திர வணிகம் எதிர் அரசாங்கம்' என்று பேசினார்கள். இங்கே இதைச் 'சுற்றுச்சூழல்' என்று பேசினார்கள். இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டது. அந்த 6 மில்லிமீட்டர் யாருடைய வேலை? மரம் இங்கிருந்து போகலாம், இழைக்கும் வேலையும் அதற்கான கூலியும் எங்கே இருக்க வேண்டும்? 1960களில் பிரேசில் கேட்டதும் இதையேதான். நாதத்தின் மூலம் மரம் என்று ஆக்கிவிட்டால் மரம் கொடுத்த நாடு வெறும் காடு. நாதம் வேலையில் இருக்கிறது என்றால் வேலை எங்கே நடக்கிறது என்பது அரசியல் கேள்வி.

7

நம்மூர்ச் செவ்வியல் இசையிலும் இந்த மறைப்பு புதிதில்லை. மிருதங்கத்தின் நாதத்தை வித்துவான் பெயரால் அறிவோம். தோலைத் தேர்ந்து, வார் பிடித்து, வித்துவானின் காதுக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் சரிசெய்த கை, பெரும்பாலும் தலித் கிறித்தவக் கை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயரைச் சபாக்காரர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? டி.எம். கிருஷ்ணாவின் புத்தகம் 2020இல் வரும்வரை அந்தக் குடும்பங்களின் வரலாறு அச்சில் விரிவாக வரவில்லை. பறை அடிக்கிறவர் நெருப்பில் காய்ச்சிச் சுருதி சேர்ப்பதை யாரும் 'நாத ஞானம்' என்று அழைத்ததில்லை. தோலுக்குத் தீட்டு, மரத்துக்குப் புனிதம். இடையில் நிற்கிற கைக்குப் பெயரில்லை.

அந்த ஃபிட்டர் வேலை பார்த்த தொழிற்சாலை 1990களின் இறுதியில் மூடப்பட்டது. அவருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு ஓசூருக்கு வந்த தலைமுறை ஒப்பந்தக் கூலிகள், பயிற்சியாளர்கள். இப்போது மின்னணு ஆலைகளின் விடுதிகளில் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். ஒரே வேலையைச் சில விநாடிக்கு ஒருமுறை செய்கிற விரலுக்கு நீலம் தடவிப் பார்க்கும் பொறுமையைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் அவசியமில்லை. கிதார்களும் மாறிவிட்டன. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் சி.என்.சி. இயந்திரம் வெட்டிய கழுத்தோடு, குறைந்த விலையிலேயே சீராக வருகின்றன. அதே டெய்லரின் கம்பெனி இந்த இயந்திரங்களைக் கிதாருக்கு முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. அந்த இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதும் கையும், தேய்ந்த கட்டரை மாற்றும் கையும் ஓசூரில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கும் பெயரில்லை. விலைப்பட்டியல் இன்னும் மரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

இசையின் வரலாற்றை எழுதும் தோழர்கள் இந்த எல்லைப்பகுதிக்குக் கொஞ்சம் வர வேண்டும். பழைய டூல்ரூம் ஆட்கள் அறுபதைத் தாண்டி இன்னும் இங்கே இருக்கிறார்கள். சர்ச்சுப் பாட்டுக்குழுவிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசித்தவர்கள், வாசித்தவர்களுக்குச் செய்துகொடுத்தவர்கள். என்ன அரம், எந்த நம்பர் கம்பி, எத்தனை மில்லிமீட்டர், யாரிடம் கற்றது, காசு வாங்கினார்களா என்று உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மரத்தின் பெயரைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.